அவன் வாயால் கேட்கட்டும்

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. கடைசியில் இருக்கிறது, இப்போதே கையை விட்டுத் துழாவினால் அகப்படாது. சாக்கடை அடைத்துக் கிடக்கிற வீட்டில் குளித்த தண்ணீரே இறங்க மாட்டேன் என்கிறது, சிரிப்பு மட்டும் கேட்டவுடன் இறங்கிவிடுமா? பொறுக்கத்தான் வேண்டும். சுபாஷும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறான். முற்றத்துச் சுவரோரம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, வாயைத் திறப்பதும் மூடுவதுமாகத் தரையில் போட்ட கெண்டை மாதிரி இருக்கிறான். திறந்தால் அப்பா வந்துவிடுவார். அவன் வாய்க்குள் ஒரு பெரிய கூட்டமே குடியிருக்கிறது: பதினோராம் வகுப்புக் கணக்கு வாத்தியார், சில்லறை இல்லை என்பதையே பாட்டாகச் சொல்லும் சாத்தூர் பஸ் கண்டக்டர், மூக்கால் சிணுங்குகிற எதிர்வீட்டு வளர்மதி அக்கா, கூப்பன் கடைக்காரர், அவர் கடைத் தராசு கூட. கூப்பிட்டால் ஓடி வருவார்கள், கூப்பிடாமலும் வருவார்கள், வகுப்பில் வந்து அவனை வெளியே நிற்க வைத்துவிட்டுப் போவார்கள். அப்பாவை மட்டும் இன்றைக்குத் தொண்டைக்குழியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா. சாப்பிட்டு எழுந்து சாய்வு நாற்காலியில் விழுந்தாயிற்று. நாற்காலி ஒரு தடவை முனகியது, ரேடியோவில் யாரோ உரம் போடுவதைப் பற்றி விளக்குகிறார்கள். பேசுவதாக இருந்தால் இப்போது பேச வேண்டும். அம்மா ரேஷனுக்குப் போயிருக்கிறாள். அப்பா மேலத்தெரு பக்கத்து அறையில் கட்டிலில் கண் மூடியிருக்கிறார். கொத்தனார் சாயங்காலம் வந்து நிற்பார், ஆமாவா இல்லையா என்று ஒரு வார்த்தை, இல்லை என்றால் நாளைக்கு அல்லம்பட்டியில் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஒரே ஒரு ‘அண்ணே’ போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று நினைத்து வாயைத் திறந்தான். ஈ ஒன்று வந்து கீழ் உதட்டில் உட்கார்ந்தது. மூடிக்கொண்டான்.

ஈதான். இந்தக் குழியைத் தோண்டிப் போட்டதிலிருந்து ஈ. மரியதாஸ் கொத்தனார் தோண்டிப் பார்த்துவிட்டு மேலே ஒரு தகரத்தை மூடிவிட்டுப் போனார், தகரத்தின் ஓரமெல்லாம் கறுப்பாக ஈ மொய்க்கிறது. குழாயை நினைத்தாலே சுபாஷின் வாயில் கொத்தனார் ஏறிக்கொள்வார், வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு: ‘தம்பி, இது பழைய மண் குழாய். உங்க தாத்தா போட்டது. வாய்க்கு வாய் சொருகி சுண்ணாம்பு வச்சுப் பூசிருக்காக, அருமையான வேல. அதும்மேல போயிச் சுவர எழுப்பிட்டீக. சுவரு சும்மா இருக்குமா? வருசத்துக்கு ஒரு நூலு, ஒரு நூலு கீழ உக்காந்துருக்கு. குழாய் அப்பளமா நொறுங்கிருச்சு.’ மூங்கில் பிளாச்சு விட்டுப் பார்த்தார், கம்பி விட்டுப் பார்த்தார். இரண்டும் சுவருக்கு நேர் கீழே போய் முட்டிக்கொண்டு நின்றன. தாத்தா வீடு இரண்டு தெருவுக்கும் வாசல் வைத்த நீள வீடு. மேலத்தெரு வாசல் அப்பாவுக்கு, கீழத்தெரு வாசல் பெரியப்பாவுக்கு, நடுவில் முற்றத்தை வெட்டிக்கொண்டு இந்தச் சுவர். தண்ணீருக்குப் பாகம் தெரியாதே, அது பழையபடி மேலிருந்து கீழே, அப்பா அடுப்படியிலிருந்து பெரியப்பா முற்றம் வழியாகக் கீழத்தெருத் தொட்டிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ‘பழைய தடத்துலயே புதுக் குழாய் போட்டா, சுவத்துல ஒரு ஆள் நுழையிற அளவு ஒடைக்கணும், அவுக முற்றத்துத் தரைய ஒடைக்கணும், எல்லாம் சேத்து அறுபதாயிரத்துல முடிச்சுத் தாரேன். இல்ல, மேலத்தெருவுக்குத் திருப்புன்னு சொன்னீகன்னா வாட்டம் இல்ல தம்பி. ரோட்டு மேல ரோட்டப் போட்டு உங்க வாசல் பள்ளமாப் போச்சு. தண்ணி மேட்டுக்கு ஏறுமா? வீட்டுத் தரையவே தூக்கணும். நாலு லட்சம். அதுக்கு மேலயும் இழுக்கும்.’ நாலு லட்சம் என்று சொல்லும்போது கொத்தனார் வெற்றிலையைத் துப்பப் போகிறவர் மாதிரி உதட்டைக் குவிப்பார். அதையும் சேர்த்துச் செய்து காட்டினால் வகுப்பே புரளும். அம்மாவிடம் செய்து காட்டினான். அம்மா சிரிக்கவில்லை, வெறும் கையைப் பார்த்துக்கொண்டாள். வளையல் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அந்தக் கை அவளுக்கே புதிதாக இருக்கிறது போல, அடிக்கடி பார்த்துக்கொள்கிறாள்.

எல்லாவற்றையும் பிரித்தவர்கள் இந்தச் சாக்கடையை எப்படி விட்டார்கள்? அதை நினைத்தால் மட்டும் அவனுக்குச் சிரிப்பு முட்டும், முட்டி வேறு எங்கோ போய்விடும். பாகம் பிரித்த அன்று அவன் சின்னப் பையன், தூணைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு பிடித்து அளந்தார்கள். அண்டாவைத் தராசில் தூக்கி வைத்தார்கள். அம்மி இவர்களுக்கு, ஆட்டுக்கல் அவர்களுக்கு. அன்றைக்கு ராத்திரி ஒரு வீட்டில் சட்னி, இன்னொரு வீட்டில் மாவு. யாரோ ஒருவர், பெரியம்மாதான், அவள் இப்போது இல்லை, ‘சாக்கடையப் பத்தி ஒண்ணும் எழுதலையே’ என்று மெதுவாகக் கேட்டாள். பத்திரம் எழுத வந்த சிவகாசி மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டு, ‘நல்ல நேரம் முடியப் போகுது. மங்களமா எழுதி முடிக்கிற நேரத்துல அந்த நாத்தப் பேச்ச எதுக்கு எடுக்கிறீக?’ என்றார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மங்களமாக எழுதி முடித்தார்கள். மங்களமாக முடித்த கையோடு சண்டை. அண்டா இரண்டு பலம் கூடவா குறையவா என்று அப்பா கேட்டார். பெரியப்பா ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர், எதையும் ஒரு ஓட்டை வழியாகச் சொல்கிற மாதிரிதான் சொல்வார், சுருக்கமாக, முகம் பார்க்காமல்: ‘கூவிப் பொழைக்கிறவனுக்குக் கணக்கு எதுக்கு?’ அப்பா மண்டியில் மிளகாய் வத்தல் ஏலம் கூறுகிறவர். அவர் வாய்தான் இந்த வீட்டுக்கு அரிசி. அந்த வாயால் சொன்னார்: ‘இனி இந்த வாயால ஒன்ன அண்ணேன்னு கூப்புட மாட்டேன்.’ அதற்குப் பிறகு செங்கல் வந்தது, சுவர் வந்தது, சுவருக்குக் கீழே ஒரு நூல் ஒரு நூலாக, சத்தமே இல்லாமல், விரிசல்.

சத்தமே இல்லாமல். அந்த வார்த்தை வந்ததும் அவன் நினைப்பு எப்போதும் போல அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது, பிளாச்சு மாதிரி. மதுரை ஆஸ்பத்திரி, பச்சைத் திரை, டாக்டரின் மெல்லிய குரல், அதைக் கூட அவன் தொண்டை கேட்டவுடனே எடுத்து வைத்துக்கொண்டது, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும்: ‘குரல்வளையை எடுத்துட்டோம். கழுத்துல இருக்கற துவாரம்தான் இனி அவருக்கு மூக்கு. தண்ணி போகக் கூடாது, தூசி போகக் கூடாது, ஈ உக்காரக் கூடாது. வீடு சுத்தமா இருக்கணும். நெஞ்சுல சளி பிடிச்சா இந்த உடம்பு தாங்காது.’ ஈ உட்காரக் கூடாது என்று சொன்னவர் இந்த முற்றத்தை வந்து பார்க்க வேண்டும். அப்பா கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருக்கிறார், அதற்குக் கீழே ஒரு குழல், மூச்சு அந்த வழியாக ஸ்ஸ் என்று வந்து ஸ்ஸ் என்று போகிறது, சைக்கிள் டியூபில் வால்வைத் தளர்த்தின மாதிரி. ராத்திரி அந்தச் சத்தம் கேட்கிறதா என்று படுத்துக்கொண்டே கேட்பான், கேட்கும், தூங்குவான், விழிப்பான், கேட்கிறதா. வீட்டில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அலைகிறார்கள். அப்பா மட்டும் பொத்துவதில்லை. மூக்கு வழியாக மூச்சே போகாதவருக்கு வாசனை ஏது? சாக்கடை நாற்றம் தெரியாத ஒரே ஆள் அவர்தான், அதற்காகவே எல்லாரும் அவருக்கு முன்னால் மூக்கிலிருந்து கையை எடுத்துவிடுகிறார்கள், நாற்றம் இல்லாதது போல முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். அவருக்குத் தெரியும். கண்ணைப் பார்த்தால் தெரியும், அவருக்குத் தெரியும் என்று. இது நடந்ததெல்லாம் பெரியப்பா ஓசூரில் மகள் வீட்டில் இருந்த மாதங்களில். ‘அண்ணனுக்குச் சொல்லக் கூடாது’ என்று அப்பா சிலேட்டில் எழுதினார், எழுதியதை அழிக்காமல் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். தெருவில் எல்லாருக்கும் தெரியும். பெரியப்பா எந்தத் தெருவிலும் யாரோடும் பேசுகிறவர் இல்லை, அதனால் ரகசியம் தானாகவே பத்திரமாக இருந்தது. இந்த வாரம்தான் திரும்பி வந்தார். அம்மா முக்காடு போட்டுக்கொண்டு கீழத்தெரு சுற்றிப் போய் வாசல்படிக்குக் கீழேயே நின்று கேட்டாள், குழாய் விஷயமாக என்று. பெரியப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாராம்: ‘அவனுக்கு வாயில்லையா? அவன் வாயால கேக்கட்டும். அண்ணேன்னு கூப்புட்டுக் கேக்கட்டும்.’ அம்மா வீட்டுக்கு வந்து அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அழப் போனாள், சத்தம் வெளியே கேட்காமல் இருக்க. திறந்த உடனே மூடினாள். தண்ணீர் போகாதே. சும்மா நின்றாள்.

ஆகவே அவன் வாயால்தான் கேட்க வேண்டும், அந்த வாய் சுபாஷிடம்தான் இருக்கிறது. இதில் என்ன தப்பு? வாய் யாரிடம் இருக்கிறதோ அவன் கேட்கிறான். ஆனால் எந்த அப்பாவை எடுப்பது? அதுதான் வாளிமேல் உட்கார்ந்ததிலிருந்து சிக்கிக்கொண்டு கிடக்கிறது. அவனிடம் இரண்டு அப்பா இருக்கிறார்கள். ஒருவர் பழைய அப்பா, மண்டியில் சாக்குக்கு நடுவே நின்று குரல் கொடுத்தால் ரயில்வே லைன் தாண்டிக் கேட்கும், வெண்கலம். இன்னொருவர் போன தீபாவளிக்குப் பிறகு வந்தவர், அடியில் மணல் ஓடுகிற குரல். அந்த மணலை முதலில் கேட்டது வீட்டில் சுபாஷ்தான். அம்மாவுக்கு முன்னால், டாக்டருக்கு முன்னால். கேட்டான், எடுத்துக்கொண்டான், சாப்பிடும்போது செய்து காட்டினான், ‘ராஜகனி, குழம்புல உப்பு எங்க?’, அம்மா சிரித்தாள், அப்பாவும் சிரித்தார், அப்பாவின் சிரிப்பு, அது எங்கே ஆரம்பிக்கும் என்றே தெரியாது, வயிற்றில் ஏதோ உருளும், தோள் இரண்டும் ஆடும், பக்கத்தில் இருக்கிறதைப் பிடித்துக்கொள்வார், தூணோ சாக்கோ மகன் தலையோ, அப்புறம்தான் சத்தம் வரும், வந்தால் நிற்காது. ஒரு தடவை மண்டியில், அப்பா தண்ணீர் குடிக்க ஒதுங்கியபோது, சுபாஷ் சாக்கு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ‘சம்பா வத்தல், முதல் பறி, பாக்கச் செவப்பு, கடிக்க நெருப்பு, கேளுங்கய்யா கேளுங்க’ என்று ஆரம்பித்தான். வியாபாரிகள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மடமடவென்று ஏறுகிறது. அப்பா சொம்பும் கையுமாக ஓடி வந்து, தன் குரல் தனக்கு முன்னால் ஏலம் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, திட்டத்தான் வாயைத் திறந்தார். சாக்கைப் பிடித்துக்கொண்டார். தோள் ஆடியது. முதலாளி வந்து, ‘என்ன செல்லக்கனி, ஒனக்கு வாரிசு வந்துட்டான் போல’ என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அப்பா நின்று நின்று சிரித்தார். ‘நானே ஏமாந்துட்டேன்டா. ஒரு நிமிசம் நான் அங்க நிக்கேனா, இங்க நிக்கேனான்னு தெரியல.’ யாரும் எதையும் ரெக்கார்டு செய்து வைக்கவில்லை. சுபாஷிடம் போன் இருந்தது, செய்திருக்கலாம். எதற்கு, தொண்டையிலேயே இருக்கிறதே என்று இருந்துவிட்டான். இப்போது அதுதான் பயம். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குரலை அவன் ஒரு தடவை கூட எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்து, அது அப்பாவாக இல்லாமல், அப்பா மாதிரியாக இருந்துவிட்டால்? சரியா தப்பா என்று ஒத்துப் பார்க்க இனி அசல் எங்கே இருக்கிறது? அடிக்கடி எடுத்தால் தேய்ந்துபோகும். எடுக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும். அசல் உள்ளே கட்டிலில் கண் மூடிக்கொண்டு ஸ்ஸ் என்று இருக்கிறது, ஆபரேஷன் ஆனதிலிருந்து ஒரு தடவை கூடச் சிரிக்கவில்லை. கண்டக்டரைச் செய்து பார்த்தான், கணக்கு வாத்தியாரைச் செய்து பார்த்தான், தராசைக் கூடச் செய்து பார்த்தான். அப்பா தலையை ஆட்டுவார், நன்றாக இருக்கிறது என்கிற மாதிரி, கடைக்காரர் தலையாட்டுகிற மாதிரி. அவ்வளவுதான்.

ரேடியோவில் உரம் முடிந்து நாதஸ்வரம் வந்தது. இனி பெரியப்பா கண்ணயர்ந்துவிடுவார். சுபாஷ் ஈயை விரட்டினான், இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டான், அப்பா ஏலத்துக்கு முன்னால் செருமுவாரே, ஒரு சின்னது ஒரு பெரியது, அந்தச் செருமலை முதலில் விட்டான். செருமல் நன்றாக விழுந்தது. வெண்கலம்தான் வந்தது, மணல் இல்லை; அவன் தேர்ந்தெடுக்கவில்லை, அதுவே வந்தது. “அண்ணே.” நாதஸ்வரம் சட்டென்று நின்றது. யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி முனகியது. “யாரு?” என்றது டிக்கெட் கவுண்டர். “நாந்தாண்ணே.” “வாய் தொறந்துருச்சா? இந்தச் சென்மத்துல தொறக்காதுன்னு இருந்தேன்.” “குழாய் விசயமா…” என்று சுபாஷ் இழுத்தான். “கொத்தன் சொன்னான். ஒம்பொண்டாட்டியும் வந்து நின்னா. ஏன்டா, சாக்கடை அடைச்சாத்தான் அண்ணன் நெனப்பு வருமோ?” இதற்கு அப்பா என்ன சொல்வார்? யோசிக்க நேரமில்லை, யோசித்தால் பையன் குரல் வந்துவிடும், வாயை அப்பாவிடமே விட்டுவிட்டான். வாய் சொன்னது: “என்னண்ணே செய்ய? நம்ம ரெண்டு பேருக்கும் இன்னும் பிரிக்காமக் கெடந்தது அது ஒண்ணுதான.” இதை அப்பா எப்போதும் சொன்னதில்லை. எங்கிருந்து வந்தது? அந்தப் பக்கம் மூக்கால் ஒரு சத்தம், சிரிப்பாகவும் இருக்கலாம். “பேச்சுக்கு என்ன கொறச்சல். ஊரறிஞ்ச வாயாச்சே.” கவுண்டரை மூடிவிட்டு வெளியே வந்து பேசுகிற மாதிரி, வேறொரு குரலில் பெரியப்பா சொன்னார்: “ஓசூர்ல தூக்கமே இல்லடா. விடியக்காலம் மண்டிக்குக் கெளம்பையில தொண்டையச் செருமுவியே, சின்னதா ஒண்ணு, பெரிசா ஒண்ணு. அதக் கேட்டாத்தான் எனக்கு விடியும். இங்க வந்து படுத்துப் பாத்தேன், இங்கயும் கேக்கல. வீட்டுல இல்லையோன்னு நெனச்சேன். இப்பத்தான் கேக்குது.” அந்தக் குரலைப் பெரியப்பாவிடம் அவன் கேட்டதே இல்லை, அவன் தொண்டையில் அது இல்லவே இல்லை. இத்தனை வருஷமும் சுவரோரம் காதை வைத்துப் படுத்திருந்தாரா? அப்படியென்றால் மணல் ஓடினதையும் கேட்டிருப்பாரே. “மண்டிக்குப் போறதில்லையா?” என்று கேட்டார். “போறேண்ணே. தொண்டைதான் கொஞ்சம்… கட்டிக்கிருச்சு.” கடைசி வார்த்தையில் குரல் நழுவிச் சுபாஷ் எட்டிப் பார்த்தான், இருமி அவனை உள்ளே தள்ளினான். “கசாயம் வச்சுக் குடி. கூவுற வாய்ல்ல, பாத்துக்கணும்ல,” என்றார் பெரியப்பா. சுபாஷ் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டான். சுவர் சுடுகிறது, மத்தியான வெயில் முழுக்க அதில் ஏறியிருக்கிறது. இப்போது சொல்லிவிடலாம். நான் சுபாஷ் என்று சொல்லிவிடலாம். சொன்னால் கொத்தனார் போய்விடுவார், ஈ இருக்கும், கழுத்துத் துணி விலகும், நெஞ்சில் சளி, இந்த உடம்பு தாங்காது, சொல்லக் கூடாது. “சரி,” என்றார் பெரியப்பா, “என் முற்றத்த ஒடைக்கணும், ஒடைச்சுக்க. சுவத்தையும் ஒடைக்கணுமே. ஒடைச்ச சுவத்தத் திரும்பக் கட்டுறது யாரு? அது யார் செலவு?” அதை யாரும் யோசிக்கவில்லை, கொத்தனார் கூட. அறுபதாயிரத்தில் அது உண்டா இல்லையா? வாய் மறுபடி முந்திக்கொண்டது. “கட்டணுமாண்ணே?”

நாற்காலி முனகவில்லை. தூரத்தில், கீழத்தெரு வாசலில் இரும்புக் கதவு கிறீச்சிட்டது, பால்காரராக இருக்கும், “யாரு அங்…” என்று பெரியப்பா ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவ்வளவுதான், அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. போச்சு. அளவுக்கு மீறிப் பேசிவிட்டான், எப்போதும் இதேதான், கணக்கு வாத்தியாரைச் செய்யும்போதும் கடைசியில் ஒரு வார்த்தை கூடப் போட்டுத்தான் மாட்டுவான். சுவரைக் கட்ட வேண்டாம் என்று சொல்ல இவன் யார்? கோபம் வந்துவிட்டது, எழுந்து உள்ளே போய்விட்டார். “அண்ணே,” என்றான். “அண்ணே, இருக்கீகளா?” காற்றில் தகரம் லேசாக ஆடியது. “அன்னைக்குச் சொன்னத மனசுல வச்சுக்காதீக. வாய்தானே, என்னமோ சொல்லிருச்சு.” ஒன்றும் இல்லை. கொத்தனார் போய்விடுவார். இனி ஒன்றுதான் பாக்கி. அவன் வாளியிலிருந்து எழுந்து நின்றான், நெஞ்சை நிமிர்த்தினான், அப்பா ஏலத்தில் நிற்பது போல ஒரு காலை முன்னால் வைத்து, ஒரு கையைக் காதோரம் வைத்துக்கொண்டான், யாரும் பார்க்கவில்லை என்றாலும் கையும் காலும் இல்லாமல் அந்தக் குரல் வராது. “கேளுங்கய்யா கேளுங்க! பழைய மண் குழாய், தாத்தா போட்டது, ஒடைஞ்சாலும் ஒரே குழாய்! கூட ஒரு தம்பி, பாக்கக் கறுப்பு, பேசுனா நெருப்பு, அண்ணன்கூடப் பேசாமக் கெடந்து பறி பறியாப் பழுதாப் போன சரக்கு! அண்ணன் எடுத்தா எடுப்பு, இல்லாட்டித் தெருவுல கெடப்பு! யாருங்கய்யா கேக்கிறது? அண்ணன் கேக்கிறாரா? ஒரு தரம்!” எதிர்வீட்டு மாடியில் வளர்மதி அக்கா எட்டிப் பார்த்தாள், பார்க்கட்டும். வெண்கலம் முற்றத்தை நிறைத்தது, சுவரில் மோதித் திரும்பியது, அவன் தொண்டை கிழிந்தது, கண் எரிந்தது. அப்பாதான். மாதிரி இல்லை. அப்பாவேதான். ஒத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. “ரெண்டு தரம்!” மூன்றாவது தரத்துக்காக மூச்சை இழுத்தான். அந்த இடைவெளியில்தான் அது கேட்டது. ஸ்ஸ். அப்புறம் ஸ்ஸ், ஸ்ஸ், ஸ்ஸ், ஸ்ஸ், டியூப் வால்வை யாரோ விட்டு விட்டு அமுக்குகிற மாதிரி, துண்டு துண்டாக, நிற்காமல். அந்தச் சத்தம் அவனுக்குப் பின்னாலிருந்து, அறைக்குள்ளிருந்து வர வேண்டும். முன்னாலிருந்து வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தான்: அறைக் கதவு திறந்து கிடந்தது, கட்டிலில் போர்வை மட்டும், செருப்பு இல்லை, மேலத்தெரு வாசல் கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கேட்டிருக்கிறார். முதல் ‘அண்ணே’யிலிருந்தே கேட்டிருக்கிறார், நிறுத்து என்று கத்த முடியாமல் எழுந்து, தெருமுனை சுற்றி, கழுத்துத் துணியோடு. இப்படி மூச்சு வாங்கி அவன் கேட்டதே இல்லை. குழலில் ஏதோ போய்விட்டது, ஈ, தூசி, நடந்து வந்தது, அடைத்துக்கொண்டது, மூச்சுத் திணறுகிறார், என்னால்தான். “அப்பா!” என்று கத்தினான். அது அவனுடைய சொந்தக் குரல், பாதி உடைந்த பையன் குரல், இன்று முழுக்க அதை அவன் வெளியே விட்டதே இல்லை. ஸ்ஸ், ஸ்ஸ், ஸ்ஸ். சுவரின் மேல் ஏறுவதற்கு வாளிமேல் காலை வைத்தான், வாளி உருண்டது. அப்போது பெரியப்பா பேசினார். நாற்காலியிலிருந்து இல்லை, சுவருக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து, கவுண்டரும் இல்லாமல் கணக்கும் இல்லாமல், யாரையோ தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருடைய குரலில்.

“டேய் சுபாஷு.”

அவன் அப்படியே நின்றான்.

“நிறுத்தாதடா,” என்றார் பெரியப்பா. “மூணாவது தரமும் சொல்லு. உங்கப்பன் சிரிக்கிறான்.”